கோவணக் கரை

ஜனவரி 19, 1943

டைரி எழுதக் கூடாது என்று இன்று காலை அணிவகுப்பில் உத்தரவு படித்தார்கள். எதிரி கையில் கிடைத்தால் நம் ரகசியமெல்லாம் தெரிந்துவிடுமாம். நம்மிடம் என்ன ரகசியம் இருக்கிறது? இடப்பக்கம் மலை, வலப்பக்கம் கடல், நடுவில் ஒரே ரோடு, ரோட்டின் கடைசியில் ஜப்பான்காரன். இதை அவன் ஒரு தென்னை மரத்தில் ஏறினாலே பார்த்துக்கொள்வான். ஆகையால் இன்று முதல் எழுதுகிறேன். எனக்கு யார் மேலாவது எரிந்து விழ வேண்டியிருக்கிறது. ஆள் மேல் விழுந்தால் சட்டைக் கையிலிருக்கும் பதவிப் பட்டையைப் பிடுங்குவார்கள். காகிதத்தின் மேல் விழுந்தால் கேட்பாரில்லை.

நான் ஹவில்தார் முனிரத்தினம், குடியாத்தம் பக்கம். எங்களுடையது சாப்பர் கம்பெனி. பாலம் கட்டுவது எங்கள் தொழில், உடைப்பதும் எங்கள் தொழில். பர்மாவின் இந்த அரக்கான் கரையில் கட்டுவதற்குக் குறைவில்லை. மலையிலிருந்து கடலுக்கு ஓடும் உப்பு ஓடைகள் குறுக்கே குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. நிலத்தின் நீளம் பார்த்தால் ஒரு தாலுக்கா. அகலம் பார்த்தால் சில இடத்தில் ஒரு ஏரிக்கரையிலிருந்து அடுத்த ஏரிக்கரை வரைக்கும்தான்.

இதற்குக் கோவணக் கரை என்று பெயர் வைத்தவன் என் மாப்பிள்ளை கோதண்டம். இடுப்பைச் சுற்றி வராத துணியைக் கட்டிக்கொண்டு வேட்டி கட்டியிருக்கிறேன் என்று சொல்கிறார்கள் என்றான். அவன் பிறந்ததிலிருந்து சொன்ன உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான்.

ஜனவரி 23

மாப்பிள்ளையைப் பற்றி எழுதிவிடுகிறேன், வயிற்றெரிச்சல் தீரட்டும். அத்தை மகன். என் தங்கை பட்டம்மாளைக் கட்டியவன். ஊரில் கூத்தில் கட்டியங்காரன் வேஷம். விடிய விடிய மேடையில் நின்று கத்தினால் மூன்று ஊர் தாண்டிக் கேட்கும். தோல் ஷாப்பில் வேலை போன பிறகு நான்தான் பட்டாளத்துக்கு அழைத்து வந்தேன். கல் சுமந்தால் முதுகு பிடிக்கிறது, கயிறு கட்டினால் முடிச்சு அவிழ்கிறது. கடைசியில் சமையலுக்குத் தள்ளினார்கள். அங்கேயும் சோறு குழைகிறது. ஆனால் சோற்றுக்குக் கூப்பிடுவதில் மட்டும் குறை சொல்ல முடியாது. மற்ற கம்பெனிகளில் பிகிலும் தகரமும். எங்களுக்கு இவன் தொண்டை. "வாங்கய்யா வாங்க, வயிறு வாடி வாங்க" என்று கூத்துக் குரலில் ஆரம்பித்தால் ஓடையின் அந்தக் கரையில் வேலை செய்கிறவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வருகிறான்.

தண்ணீர் என்றால் பயம். நீந்தத் தெரியாது. குளிக்கக்கூட ஓடையில் இறங்க மாட்டான், வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்கிறான். பாலம் கட்டும் கம்பெனியில் இப்படி ஒரு ரத்தினம்.

பட்டம்மாள் ரயிலடியில் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள்: "அண்ணா, உன்னை நம்பித்தான் அனுப்பறேன்." நான் என்ன கடவுளா?

ஜனவரி 30

பன்றி ஓடைப் பாலம் முடிந்தது. ஏதோ ஒரு பன்றி செத்து மிதந்ததால் நாங்கள் வைத்த பெயர். துரைமார் மேப்பில் வேறு ஏதோ வாயில் நுழையாத பெயர் இருக்கிறது. கடல் ஓதம் ஏறினால் ஓடை ஆறு மாதிரி ஓடும். இறங்கினால் தொடை வரைக்கும் சேறு, நடுவில் ஆள் முழுகும் மடு. பாலம் இல்லாமல் ஒரு லாரி போக முடியாது, ஒரு கழுதை போக முடியாது. முன்னால் இருக்கிற அத்தனை பட்டாளத்துக்கும் அரிசி, குண்டு, தண்ணீர், எல்லாம் இந்த ஒரு பாலத்தின் மேல்தான். ஒரு மனுஷனுக்குத் தொண்டை ஒன்றுதான் என்பது சரி. ஆனால் அதைக் கத்திக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா?

காப்டன் லாக்வுட் துரை எங்களை உட்காரவைத்து மேப் காட்டினார். சின்ன வயது, நல்ல மனுஷன், காகிதத்தில் இருப்பதையெல்லாம் நம்புகிறவர். ஜமேதார் அருளப்பன் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டோம். கடல் நம்முடையது. (படகு ஒன்றுகூட இல்லை.) முன்னால் ஒரு இடித்தல், அவ்வளவுதான், ஜப்பான்காரன் கடலில் விழுவான்.

பக்கத்தில் மலை இருக்கிறதே என்று கேட்டேன். அந்த மலையில் ஆள் ஏற முடியாது, மேப்பில் பாதை கிடையாது என்றார்.

அந்த மேப்பை ஜப்பான்காரனுக்கும் ஒரு பிரதி அனுப்பிவைத்தால் தேவலை. ஏற முடியாது என்று அவனுக்கும் தெரிய வேண்டுமே.

பிப்ரவரி 2

முன்னால் இடித்தார்கள். ஒன்றும் விழவில்லை.

பிப்ரவரி 9

முன்னால் பீரங்கிக்கு மேடை போடுகிற நம் செக்‌ஷனுக்குச் சமையல்காரன் வேண்டுமாம். இருந்தவனுக்கு மலேரியா. யாரை அனுப்பலாம் என்று ஜமேதார் என்னைக் கேட்டார். இன்றைக்குப் பார்த்து மாப்பிள்ளை பருப்பைத் தீய விட்டிருந்தான், அதற்கு ஒரு பாட்டும் கட்டிப் பாடிக்கொண்டிருந்தான். அவன் அங்கே போய்க் கத்தட்டும், எனக்குக் காதாவது மிஞ்சும் என்றேன்.

மாலை கழுதை வரிசையோடு போய்விட்டான். பாலத்தின் மேல் நடக்கும்போது கீழே பார்க்காமல் கழுதையின் வாலைப் பிடித்துக்கொண்டு போனான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிப்ரவரி 12

இங்கே புதுச் சமையல்காரன் தகரத்தைத் தட்டுகிறான். சோறு நன்றாக இருக்கிறது. அமைதியாகவும் இருக்கிறது.

பிப்ரவரி 19

மறுபடி இடித்தார்கள். ஜப்பான்காரன் மரத்தையும் மண்ணையும் போட்டுப் பொந்து கட்டி உட்கார்ந்திருக்கிறான். குண்டு விழுந்தால் மண் பறக்கிறது, அவன் பறக்கவில்லை. நம் ஆட்கள் திறந்த வயலில் போகிறார்கள். அகலம் இருந்தாலல்லவா சுற்றி வருவதற்கு? நேராகப் போ, நேராகச் செத்துப் போ.

அடிபட்டவர்களை ஏற்றிய லாரிகள் வடக்கே வர வேண்டும். புதிய பட்டாளத்தை ஏற்றிய லாரிகள் தெற்கே போக வேண்டும். ரோடு ஒன்று. எங்கள் பாலத்தடியில் இரண்டும் முகத்தோடு முகம் முட்டி நின்றன. தெற்கே போகிறவனுக்குத்தான் முதல் உரிமை என்று உத்தரவு. போகிற பஞ்சாபிப் பையன்கள் லாரியில் உட்கார்ந்தபடி வருகிற லாரியில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மத்தியானம் முழுக்க அதுதான் அவர்களுக்குக் கிடைத்த பயிற்சி.

ஒவ்வொரு லாரியாக எட்டிப் பார்த்தேன். பாலத்தின் பலகை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை என்னுடையது.

பிப்ரவரி 21

ஜெனரல் துரை ஒருவர் ஜீப்பில் வந்தார். மழமழவென்று சவரம், கையில் பிரம்பு. பாலத்தைப் பிரம்பால் தட்டி, பலே என்றார். முன்னால் ஆள் போதவில்லை, இன்னும் ஒரு பிரிகேடைத் தள்ளினால் முடிந்தது என்று காப்டனிடம் சொன்னாராம். கோணிப்பை நிறைந்துவிட்டது, இன்னும் ஒரு மரக்கால் போட்டுக் குத்து என்கிறார். பக்கத்தில் தையல் விட்டால் எங்கே கொட்டும் என்று அவருக்கு யார் சொல்வது? பூனைக்கு மணி கட்டுவது ஹவில்தார் வேலை இல்லை.

பிப்ரவரி 27

எழுதும்போதே கை எரிகிறது. மீதி மரம், கயிறு, காலி பெட்ரோல் பீப்பாய் எல்லாவற்றையும் முன்னால் அனுப்பச் சொல்லி உத்தரவு. ஜப்பான்காரனைத் துரத்திக்கொண்டு போகும்போது அந்தப் பக்கத்து ஓடைகளுக்குப் பாலம் வேண்டுமாம். திரும்பி வருவதற்கு ஏதாவது வைத்துக்கொள்ள வேண்டாமா என்று ஜமேதாரிடம் கேட்டேன். அருளப்பன் நல்லவர், தலை நரைத்தவர், உத்தரவு என்றால் வேதம். "திரும்பி வர்றதுன்ற பேச்சே எடுக்காதே முனிரத்தினம், மனசு தளர்ந்துடும்" என்றார்.

மனசு தளர்ந்தால் கஷாயம் கொடுக்கலாம். பாலம் இல்லாவிட்டால் என்ன கொடுப்பது?

எல்லாவற்றையும் அனுப்பினேன். நாலு பீப்பாயும் கொஞ்சம் பலகையும் கயிறும் மட்டும் ஓதத்தில் அடித்துக்கொண்டு போய்விட்டன. நல்ல வேகமான ஓதம் இன்றைக்கு.

மார்ச் 6

மாப்பிள்ளை ரேஷன் வாங்க வந்தான். இளைத்திருக்கிறான். வாய் மட்டும் இளைக்கவில்லை. வந்ததும் வராததுமாகப் புதுச் சமையல்காரனின் குழம்பைக் குடித்துப் பார்த்துவிட்டு, "இன்னா மச்சான், இத்தக் குடிச்சிக்கினா உயிரோட கீற?" என்றான். முன்னால் செக்‌ஷனில் சத்தம் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். சோற்றுக்குக் கை ஜாடைதானாம். ஊமைக் கூத்து ஆடுவதற்கா பட்டாளத்துக்கு வந்தேன் என்று புலம்பினான்.

கூடவே நடந்தேன். தெற்குக் கரையில், பாலத்துக்கு மேலே கொஞ்ச தூரத்தில், அலையாத்தி மரங்கள் அடர்ந்த இடம் ஒன்று இருக்கிறது. வேருக்கு நடுவே சேற்றுக்குள் எதைத் தள்ளினாலும் வெளியே தெரியாது. அதைக் காட்டினேன். உள்ளே நாலு பீப்பாய், பலகை, கயிறு. எதுக்கு என்று கேட்டான். நீந்தத் தெரியாத கழுதைகளுக்கு என்றேன். கழுதை எல்லாமே நீந்துமே என்றான். எல்லாக் கழுதையும் இல்லை என்றேன். அப்புறம் புரிந்துகொண்டு சிரித்தான்.

யாரிடமும் சொல்லாதே என்று அவனிடம் சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. கோயில் மணியிடம் போய்ச் சத்தம் போடாதே என்று சொல்வது மாதிரி.

பட்டம்மாளுக்கு ஏழாம் மாதம் என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஊரிலிருந்து என் பெயருக்கு வந்த கடிதம் எந்த லாரிக்கு அடியில் கிடக்கிறதோ.

மார்ச் 10

காப்டன் என்னைக் கூப்பிட்டுப் பீப்பாய்களைப் பற்றிக் கேட்டார். ஓதம் என்றேன். முன்னால் செக்‌ஷனிலும் விசாரித்தாராம். மாப்பிள்ளையையும் கேட்டாராம். ஒன்றும் தெரியாது என்று கையை விரித்துவிட்டானாம். அவனா? ஆச்சரியம்தான். கூத்தில் அவனுக்கு ஊமை வேஷம் கொடுத்திருக்கலாம்.

மார்ச் 18

பெரிய இடிப்பு. விடியற்காலை தொடங்கி நாள் முழுக்கப் பீரங்கி. மலை கிடுகிடுத்தது.

மார்ச் 19

ஒரு கெஜம்கூட இல்லை.

எத்தனை பேர் என்று எழுதப் போவதில்லை. பாலத்தின் மேல் வடக்கே போன லாரிகளை நிற்கவைக்காமல் விட்டேன், உத்தரவாவது மண்ணாவது. தெற்கே போக வந்த மேஜர் ஒருவர் சத்தம் போட்டார். பாலத்தில் பலகை தளர்ந்திருக்கிறது, கனமான வண்டி இப்போது போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இந்தப் பாலத்தில் தளராத ஒன்று உண்டென்றால் அது பலகைதான்.

மார்ச் 26

மலையடியில் இருக்கும் ஊர்க்காரர்கள் கோழிகளையும் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு வடக்கே போகிறார்கள். குழந்தைகளை முதுகில் கட்டிக்கொண்டு, பானையைத் தலையில் வைத்துக்கொண்டு. மலைக்கு அந்தப் பக்கம் ஆற்றில் படகு படகாக வருகிறார்கள் என்று ஒரு கிழவர் கை ஜாடையில் சொன்னார். போய்க் காப்டனிடம் சொன்னேன். மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன் என்றார். மேலிடம் பதில் எழுதியிருக்கிறது: ஊர்க்காரர்கள் வதந்தியை நம்புகிறார்கள், மலை ஏற முடியாதது.

ஆடு நம்புகிறது. ஜெனரல் நம்பவில்லை.

ஏப்ரல் 4

மலை ஏற முடியாதது என்பதைப் படிக்காத ஜப்பான்காரர்கள் மலை ஏறி இறங்கிவிட்டார்கள். முன்னால் இருப்பவர்களுக்கும் எங்களுக்கும் நடுவே, ரோட்டின் குறுக்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கடலுக்கும் மலைக்கும் நடுவே இருந்த துணி அங்கே கிழிந்துவிட்டது. கோவணம் அவிழ்ந்தால் அப்புறம் என்ன மானம்?

முன்னால் இருக்கிற பட்டாளம் கடற்கரை மணல் வழியாக, ஓதம் இறங்கும் நேரம் பார்த்து, சண்டை போட்டுக்கொண்டே வருகிறது. நம் செக்‌ஷன் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஏப்ரல் 5

நாள் முழுக்கப் பாலத்தில் நின்றேன். கழுதைகள் வந்தன. பஞ்சாபிகள், டோக்ராக்கள், வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். பீரங்கி இரண்டு வந்தது. வருகிற ஒவ்வொருவனிடமும் நம் செக்‌ஷனைப் பற்றிக் கேட்டேன். பின்னால் வருகிறார்கள் என்றான் ஒருவன். முன்னாலேயே போய்விட்டார்கள் என்றான் இன்னொருவன். ஒரு நாயக் மட்டும், மலையடிப் பக்கம் இரண்டு அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு மூன்று மதராஸிகள் போனதாகவும், அதில் ஒருவன் பெரிய சமையல் சட்டுவத்தைத் தோளில் வைத்திருந்ததாகவும் சொன்னான்.

சட்டுவத்தைத் தூக்கி எறியக்கூடத் தெரியாத முட்டாள்.

ஜமேதாருக்குக் காய்ச்சல், வடக்கே அனுப்பிவிட்டார்கள். காப்டனே வந்து உத்தரவு சொன்னார். நாளைக் காலை மலைக்கு மேல் சூரியன் தெரிந்ததும் பாலத்தைத் தகர்க்க வேண்டும். யார் வந்தாலும் வராவிட்டாலும் காத்திருக்கக் கூடாது. ஜப்பான்காரன் பின்னாலேயே வருகிறான், இந்தப் பாலம் முழுசாக அவன் கையில் கிடைத்தால் அவன் நம்மை முந்திக்கொண்டு வடக்கே போவான், கரையோடு போகிற அத்தனை பேரும் சாவார்கள். அவர் சொன்னது அத்தனையும் சரி. மூன்று மாதத்தில் அவர் சொன்ன முதல் சரியான விஷயம். அது இன்றைக்குத்தானா அவருக்குத் தோன்ற வேண்டும்?

என் கை போதுமா, வேறு ஆள் வேண்டுமா என்று கேட்டார். மாப்பிள்ளை இன்னும் அக்கரையில் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் கட்டிய பாலம், நானே செய்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 6

பாலம் தகர்ந்தது. வேலை சுத்தம். நடுக் கால்கள் மூன்றும் தூளாகிவிட்டன. ஒரு பலகைகூட அவனுக்கு உதவாது.

சூரியன் தெரிந்த பிறகு கொஞ்சம் தாமதமானது. கம்பி இணைப்பைச் சரிபார்க்க வேண்டியிருந்தது.

ஏப்ரல் 7

வடக்கே நடந்தோம். காலணி கடிக்கிறது. கொய்னா மாத்திரை தீர்ந்துவிட்டது. பிஸ்கோத்தில் புழு. புழுவைத் தட்டிவிட்டுச் சாப்பிட்டேன். பிறகு தட்டாமலே சாப்பிட்டேன்.

ஏப்ரல் 8

புது முகாம். இங்கேயும் ஒரு ஓடை, இங்கேயும் ஒரு பாலம் வேண்டுமாம். அளந்தேன். மரம் இல்லை. மரமெல்லாம் முன்னால் இருக்கிறது, ஜப்பான்காரன் அதில் வெந்நீர் வைத்துக்கொண்டிருப்பான்.

தாமதத்துக்குக் காரணம் என்ன என்று காப்டன் கேட்டார். கம்பி என்றேன். சரி என்றார். இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

ஏப்ரல் 9

இதை எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

அந்தக் கரையில் யாரும் இல்லை. நான் நன்றாகக் கேட்டேன். பனி விலகி, காற்றுகூட இல்லாத காலை. ஓடையில் மீன் துள்ளுவது கேட்டது. மாப்பிள்ளை அந்தப் பக்கத்தில் எங்கே இருந்தாலும், பாலத்தைப் பார்த்த மாத்திரத்தில் "மச்சான்" என்று ஒரு கூப்பாடு போட்டிருப்பான். மூன்று ஊருக்குக் கேட்கிற தொண்டை. ஓடை என்ன அகலம்? எங்கள் தெரு அகலம் இரண்டு வைத்தால் சரியாக இருக்கும். சத்தமே வரவில்லை. ஆகவே அவன் அங்கே இல்லை. வேறு வழியாகப் போயிருப்பான், கடற்கரை வழியாக, எப்படியோ. அப்படி நினைத்துத்தான் வெடிப்பெட்டியின் கைப்பிடியை அமுக்கினேன்.

கம்பியில் ஒரு கோளாறும் இல்லை. மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் சரியாகவே இருந்தது. சனியன் பிடித்த கம்பி.

கடற்கரை வழியாக வந்தவர்கள் எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். அவர்களில் அவன் இல்லை.

பட்டம்மாளுக்கு நான் என்ன சொல்லுவேன்? கூப்பிடவில்லை அம்மா, அதனால் வெடித்தேன் என்றா?

ஏப்ரல் 11

மாப்பிள்ளை வந்துவிட்டான்.

மத்தியானம் ஒரு கூர்க்கா ரோந்து அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தது. மூன்று பேர். சேறு காய்ந்து மேலெல்லாம் வெடித்திருந்தது. அடிபட்ட நாயுடுப் பையனை இன்னொருவன் தாங்கிக்கொண்டிருந்தான். கோதண்டம் பின்னால், சட்டுவத்தை ஊன்றிக்கொண்டு. மற்ற அடிபட்டவன், சோளிங்கர் வேலு, அலையாத்தி வேரிலேயே போய்விட்டானாம். அங்கேயே புதைத்திருக்கிறார்கள். இன்னொருவன் வழியில் பிரிந்தவன், தகவல் இல்லை.

நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன் என்று எழுதலாம். ஆனால் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். அவன்தான் வந்தான். உட்கார்ந்தான். தண்ணீர் குடித்தான். வாயைத் திறக்கவில்லை. அவன் வாயைத் திறக்காமல் இருந்து நான் பார்த்ததே இல்லை, எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

பீப்பாய் உதவிச்சா என்று கேட்டேன். தலையை ஆட்டினான். மரத்துக்குள் இரண்டு நாள் கிடந்து, ஜப்பான்காரன் கடற்கரைப் பக்கம் நகர்ந்ததும், ஓதம் ஏறும்போது பீப்பாயைக் கட்டி மிதந்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு கங்கையம்மன் பாட்டை மனசுக்குள்ளேயே பாடினானாம்.

அப்புறம் அவனே கேட்டான்.

"நீதானே அமுக்கின?"

ஆமாம் என்றேன்.

"தெரியும். பாத்தேன். உன் தொப்பி தெரிஞ்சுது."

எங்கே இருந்தாய் என்று கேட்டேன்.

"அக்கரைல. மரத்துக்குள்ள. எதிர்லயே கீறோம். நீ குந்திக்கினு கம்பியப் பாக்கற, எழுந்து நிக்கற, மறுபடி குந்தற. மூணு தரம். கம்பி சரியாத்தான் கீதுன்னு எனக்குத் தெரியும் மச்சான். எதுக்கு நிக்கறன்னும் தெரியும்."

ஏன்டா கூப்பிடவில்லை என்று கத்தினேன். முகாமே திரும்பிப் பார்த்தது. பாவி, உன் தொண்டைக்கு என்ன வந்தது, ஊரெல்லாம் கேட்கிற தொண்டை, ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை. அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அது கையோடு கிழிந்து வந்தது.

அவன் மெதுவாகத்தான் சொன்னான்.

"எங்க முதுகுக்குப் பின்னால ஜப்பான்காரன் வந்துட்டான். இலை நசுங்கற சத்தம் கேக்குது. ரெண்டு பேரத் தூக்கிக்கினு நாங்க பாலத்துல பாதி வரதுக்குள்ள அவன் மேல ஏறியிருப்பான். கூப்ட்டா நீ நிறுத்தியிருப்ப, மச்சான்."

நாயுடுப் பையன் கத்தப் பார்த்தானாம். மாப்பிள்ளைதான் அந்தப் பையன் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். இவன் கையில் அந்தப் பையனின் பல் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

நான் அழுதேன். ஹவில்தார் பட்டையோடு, எல்லார் எதிரிலும், மூக்கு ஒழுக அழுதேன். யார் வேண்டுமானாலும் சிரித்துக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 12

மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை. நாம் திட்டமிட்டபடி வெற்றிகரமாகப் பின்வாங்கியிருக்கிறோமாம். கரையை வைத்திருந்ததன் நோக்கம் நிறைவேறிவிட்டதாம். என்ன நோக்கம் என்று அதில் இல்லை. காப்டன் லாக்வுட் தன் மேப்பில் மலைக்குக் குறுக்கே சிவப்புப் பென்சிலால் ஒரு பாதை வரைந்துகொண்டிருந்தார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு மேப்பைச் சுருட்டினார். பீப்பாய் விஷயம் அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. நாலு பீப்பாய் ஓதத்தில் போனதற்கு இன்றைக்குத்தான் கையெழுத்துப் போட்டார். ஓதம் பொல்லாதது என்று தமிழிலேயே சொன்னார். யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 14

சித்திரை பிறந்தது. மாப்பிள்ளையை மறுபடி எங்கள் அடுப்பில் போட்டிருக்கிறார்கள். எங்கிருந்தோ வெல்லம் சம்பாதித்துப் பாயசம் வைக்கிறேன் என்றான். வைத்தது கஞ்சிதான், இனிப்பாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வந்ததிலிருந்து அவன் சோற்றுக்குக் கூப்பிடுவதில்லை. சட்டுவத்தால் மூடியைத் தட்டுகிறான். ஆட்களும் பேசாமல் வந்து தட்டை நீட்டுகிறார்கள். மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் தட்ட ஆரம்பித்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் அளவெடுத்துக்கொண்டிருந்த நான், எடுத்ததைப் போட்டுவிட்டு வந்து, அவன் கையிலிருந்து சட்டுவத்தைப் பிடுங்கினேன்.

வாயால் கூப்பிடு என்றேன்.

எல்லாரும் எதிரிலேயே நிற்கிறார்கள், யாரைக் கூப்பிடுவது என்றான்.

"என்னை," என்றேன். ஓடையைத் தாண்டி, அளவுக் கழியை நட்ட இடத்துக்குத் திரும்பிப் போய் நின்றேன்.

ஒரு தரம் கனைத்தான். பிறகு கூப்பிட்டான். "வாங்கய்யா வாங்க, வயிறு வாடி வாங்க" என்று அந்தப் பழைய கழுதைக் குரல், ஓடையைத் தாண்டி, என்னைத் தாண்டி, மலையில் மோதித் திரும்பி வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஜப்பான்காரனுக்கும் கேட்டிருக்கும்.

கேட்கட்டும்.